வேலியாக நடப்பட்டவர்கள்: ஸ்காட்ச்-ஐரிஷ் என்றால் யார்?

திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் எந்த நாட்டுக்காரர்? பள்ளிக்கூடத்தில் அயர்லாந்து என்று படித்திருப்போம். ஸ்காட்லாந்துக்காரர் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் தப்பில்லை. 1814-ல் அவர் பிறந்தது அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்தில். பெற்றோரோ ஸ்காட்டிஷ் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர்கள், ஏழைகள். சின்ன வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து அவர் இடையன்குடித் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை.

பிறந்த மண் ஒன்று, வேர் இன்னொன்று என்று இரண்டுங்கெட்டானாக வட அயர்லாந்தில் ஒரு கூட்டமே இருந்தது. கால்டுவெல் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பிருந்தே அவர்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் போனவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும்தான் அமெரிக்காவில் ஸ்காட்ச்-ஐரிஷ் என்கிறார்கள். பெயரைப் பார்த்ததும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் ஐரிஷ்காரருக்கும் கல்யாணமாகிப் பிறந்த கலப்பு என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நம்பாமல், பல சமயம் வெட்டிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவை.

ஆள் நட்ட கதை

அயர்லாந்தின் வடபகுதிக்கு அல்ஸ்டர் என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டு முடியும்போது இங்கிலாந்து அரசுக்குக் கடைசிவரை அடங்காமல் நின்ற இடம் அதுதான். ஒன்பது வருடம் நடந்த போரில் ஐரிஷ் தலைவர்கள் தோற்றார்கள். 1607-ல் ஹ்யூ ஓ'நீல் உள்ளிட்ட பெருந்தலைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குத் தப்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தை முதலாம் ஜேம்ஸ் மன்னர் பறிமுதல் செய்தார். ஆறாம் ஜேம்ஸ் என்ற பெயரில் ஸ்காட்லாந்துக்கும் அவர்தான் ராஜா. கையில் நிலம் இருந்தது. எதிரே கடலுக்கு அந்தப் பக்கம், தெளிவான நாளில் கண்ணுக்கே தெரிகிற தூரத்தில், நிலத்துக்கு ஏங்கும் ஸ்காட்லாந்துக் குடியானவர்கள் இருந்தார்கள். 1609, 1610 வாக்கில் அரசாங்கமே திட்டம் போட்டு அவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தத் தொடங்கியது.

அந்தத் திட்டத்தின் பெயர் 'பிளான்டேஷன்'. நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் தேயிலையும் ரப்பரும் நினைவுக்கு வரும். அங்கே நட்டது ஆட்களை. அடங்காத கத்தோலிக்க ஐரிஷ்காரர்களுக்கு நடுவில் ராஜவிசுவாசமுள்ள புராட்டஸ்டண்டுகளை நாற்றுப்போல ஊன்றிவைத்தால் அவர்களே வேலியாக நின்றுகொள்வார்கள் என்பது கணக்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்தின் தென்பகுதித் தாழ்நிலத்தார். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையில் தலைமுறை தலைமுறையாக மாடு கடத்தியும் பழிக்குப் பழி வாங்கியும் பிழைத்த ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம் போன்ற குலத்தாரும் அதில் உண்டு. எல்லையிலிருந்து அவர்களைக் கிளப்பினால் போதும் என்று அரசாங்கமும் காத்திருந்தது.

நிலம் பறிபோனவர்கள் சும்மா இருக்கவில்லை. 1641-ல் பெருங்கலகம் வெடித்தது. இரண்டு பக்கமும் ரத்தம். 1689-ல் அல்ஸ்டரின் டெர்ரி நகரத்துப் புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் படை போட்ட 105 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்து தாக்குப்பிடித்தார்கள். வேலி என்னவோ நின்றது.

வேலிக்கு என்ன கூலி கிடைத்தது? பிரெஸ்பிட்டேரியன் சபையில் பிஷப் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் கூடி முடிவெடுப்பார்கள். அரசாங்கத்தின் சபை பிஷப்புகளின் ஆங்கிலிக்கன் சபை. 1704-ல் ஒரு சட்டம் வந்தது: அரசுப் பதவியோ நகராட்சிப் பதவியோ வேண்டுமானால் ஆங்கிலிக்கன் முறைப்படி நற்கருணை வாங்கியாக வேண்டும். டெர்ரியைப் பட்டினி கிடந்து காத்த சமூகத்தைச் சேர்ந்தவர்களே டெர்ரி நகராட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிரெஸ்பிட்டேரியன் போதகர் நடத்திவைத்த கல்யாணம் செல்லுமா என்று திருச்சபை நீதிமன்றங்கள் கேள்வி கேட்டன. தாங்கள் போகாத கோயிலுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறுக்க முடியாமல் போனது குத்தகை. நிலம் பெரும்பாலும் 31 வருடக் குத்தகையில் விடப்பட்டிருந்தது. 1710-களின் பின்பாதியில் பலருக்குக் கெடு முடிந்தது. நிலச்சுவான்தார்கள் பழைய குடி என்ற தாட்சண்யம் பார்க்காமல் யார் அதிகம் தருவார்களோ அவர்களுக்கே என்று ஏலம்போல விட்டார்கள். தாத்தா கல் பொறுக்கித் திருத்திய நிலத்துக்கு, திருத்தப்பட்டிருக்கிறது என்ற காரணத்துக்காகவே, பேரன் கூடுதல் குத்தகை கட்ட வேண்டிய நிலை. கூடவே வறட்சியும் சேர்ந்துகொண்டது.

விதை வந்த கப்பலில் ஆள் போனது

கிளம்ப வேண்டும் என்று நினைத்தால் கப்பல் வேண்டுமே. அந்த வசதி வந்த வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனென்றால் அது ஒரு செடியின் கதை.

அல்ஸ்டரின் தொழில் லினன் துணி. லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். நாம் கடையில் வாங்கும் ஆளிவிதையும் அதே செடியின் விதைதான். இங்கே ஒரு சிக்கல். விதை முற்றும்வரை விட்டால் நார் முரடாகிவிடும். மெல்லிய நார் வேண்டுமென்றால் விதை முற்றும் முன்பே செடியை வேரோடு கையால் பிடுங்கி, கட்டுக் கட்டாகக் குட்டையில் ஊறப்போட வேண்டும். அழுகும் அந்தக் குட்டையின் நாற்றம் ஊரையே தூக்கும். நல்ல நார் கிடைத்துவிடும். அடுத்த வருடம் விதைக்க விதை இருக்காது.

அந்த விதை அமெரிக்காவிலிருந்து வந்தது. பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் ஆளிவிதைப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு டெர்ரி, பெல்ஃபாஸ்ட், நியூரி துறைமுகங்களுக்குக் கப்பல்கள் வந்தன. திரும்பிப் போகும்போது ஏற்றுவதற்கு அந்த அளவு கனமான சரக்கு இல்லை. லினன் துணி எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்? காலியாகப் போகும் கப்பலுக்கு ஆள் கிடைத்தால் லாபம். கப்பல் முகவர்கள் சந்தை சந்தையாகப் போய் அமெரிக்க நிலத்தின் அருமை பெருமைகளைச் சொல்லி ஆள் பிடித்தார்கள். பயணக் காசு இல்லாதவர்களுக்கு ஒப்பந்தக் கூலி என்ற வழி இருந்தது: அக்கரையில் ஒரு முதலாளியிடம் சில வருடம் உழைத்துக் கழிக்க வேண்டும்.

1718-ல் ஐந்து கப்பல்கள் பாஸ்டனுக்குப் போனதைத்தான் இந்தப் பெரும் நகர்வின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அகாடோவி என்ற ஊரின் போதகர் ஜேம்ஸ் மெக்கிரெகர் தன் சபையாரில் பலரை அழைத்துக்கொண்டு போனார். பாஸ்டன்காரர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் ஒதுங்கி ஊர் அமைத்தார்கள். பிறகு அதற்கு, டெர்ரியின் இன்னொரு பெயரான லண்டன்டெர்ரி என்றே பெயர் வைத்தார்கள். அங்கே அவர்கள் ஊன்றியதுதான் வட அமெரிக்கக் குடியேற்றங்களின் முதல் உருளைக்கிழங்குப் பயிர் என்று அந்த மாநிலம் இன்றும் பெருமை பேசுகிறது. தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வட அமெரிக்காவுக்கு வந்தது வேடிக்கைதான்.

1718-க்கும் 1775-க்கும் இடையில் மொத்தம் எத்தனை பேர் போனார்கள்? ஒரு லட்சம் என்கிறவர்களும் உண்டு. இரண்டரை லட்சம் என்கிறவர்களும் உண்டு. 1790-ல் அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகையே 39 லட்சம்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

மறுபடியும் வேலி

பாஸ்டன் கசந்த பிறகு கப்பல்கள் பென்சில்வேனியா பக்கம் திரும்பின. அங்கே நில விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் லோகன். குவேக்கர் என்ற, போரை வெறுக்கும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவரும் அல்ஸ்டரில் பிறந்தவர்தான். டெர்ரியை அவ்வளவு வீரமாகக் காத்தவர்களை எல்லையில் குடிவைத்தால் ஏதாவது கலவரம் என்று வரும்போது நமக்கு அரணாக இருப்பார்கள் என்று தான் நினைத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதாவது நூறு வருடம் முன்பு ஜேம்ஸ் மன்னர் போட்ட அதே கணக்கு. ஐரிஷ்காரர்கள் இருந்த இடத்தில் இப்போது செவ்விந்தியர்கள் என்று அழைக்கப்பட்ட பூர்வகுடிகள். சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் டொனிகால் என்ற குடியிருப்பு அப்படித்தான் உருவானது. பென்சில்வேனியா வரைபடத்தில் டெர்ரி, டைரோன், ஆன்ட்ரிம், ஃபெர்மனா என்று அல்ஸ்டர் பெயர்கள் இன்றும் இறைந்து கிடக்கின்றன. ஹெர்ஷி சாக்லேட் ஊர் இருப்பதும் டெர்ரி டவுன்ஷிப்பில்தான்.

பத்து வருடத்தில் லோகனுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. இவர்கள் பத்திரம், பட்டா எதுவும் கேட்காமல் கண்ட இடத்தில் மரத்தை வெட்டிக் குடிசை போட்டார்கள். கேட்டால், உழைத்துச் சாப்பிட இத்தனை கிறிஸ்தவர்கள் காத்திருக்கும்போது இவ்வளவு நிலம் சும்மா கிடப்பது கடவுளின் சட்டத்துக்கே விரோதம் என்று வாதம். வட அயர்லாந்திலிருந்து வந்த ஐந்து குடும்பம் கொடுக்கும் தொல்லை மற்றவர்களில் ஐம்பது குடும்பம் கொடுக்கும் தொல்லையை விடப் பெரிது என்று லோகன் புலம்பினார்.

அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை என்பதுதான் விஷயம். அதில் ஆட்கள் இருந்தார்கள். 1763-ல் எல்லைப்புறத்தில் பூர்வகுடிகளோடு போர் மூண்டபோது, குவேக்கர் அரசாங்கம் தங்களைக் காக்கவில்லை என்ற ஆத்திரம் குடியேறிகளுக்கு. பாக்ஸ்டன் பகுதியிலிருந்து ஆயுதம் ஏந்திய கூட்டம் ஒன்று கிளம்பியது. அவர்கள் போனது சண்டைக்காரர்களிடம் அல்ல. பக்கத்திலேயே கூடை முடைந்து விற்றுக்கொண்டு அரசின் பாதுகாப்பில் இருந்த கோனெஸ்டோகா மக்களிடம். டிசம்பர் 14-ல் ஆறு பேரைக் கொன்றார்கள். மிஞ்சிய பதினான்கு பேரை அதிகாரிகள் பாதுகாப்புக்காக லங்காஸ்டர் நகரத்துப் பணிவிடுதிக் கட்டடத்தில் வைத்தார்கள். டிசம்பர் 27-ல் கூட்டம் அங்கேயும் புகுந்து, குழந்தைகள் உட்பட அத்தனை பேரையும் வெட்டிப்போட்டது. யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. அந்தக் கூட்டம் அடுத்த சில வாரங்களில் பிலடெல்பியாவை நோக்கியே நடைபோட்டது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உள்ளிட்டவர்கள் வழியில் நிறுத்திப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். இந்த மக்களைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்படும் வீரப் புகழ்ச்சிகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டு வரியோடு முடிந்துவிடும்.

பென்சில்வேனியாவில் நிலம் விலை ஏற ஏற, அடுத்த தலைமுறை மலைத்தொடரை ஒட்டித் தெற்கே இறங்கியது. கிரேட் வேகன் ரோடு எனப்படும் வண்டிப்பாதை லங்காஸ்டர், யார்க் வழியாக ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் நுழைந்து, வர்ஜீனியாவைத் தாண்டி கரோலினாக்கள், ஜார்ஜியா வரை போகும். ஜெர்மானியர்களும் அதே பாதையில் வந்தார்கள். பிறகு மலைக்கணவாய்களைக் கடந்து டென்னசி, கென்டக்கி. இன்று அப்பலாச்சியா என்று சொல்கிறோமே, அந்த மலைநாட்டின் முகம் இப்படி உருவானதுதான்.

சாராயக் கணக்கு

பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கச் சுதந்திரப் போரைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஆங்கிலிக்கன் சபையிடமும் நிலச்சுவான்தார்களிடமும் பட்ட வடு ஆறாதவர்கள் என்பதால் பலர் மன்னருக்கு எதிராக நின்றார்கள். 1778-ல் பிரிட்டன் தரப்பில் போரிட்ட ஒரு ஜெர்மன் அதிகாரி, இதை அமெரிக்கக் கலகம் என்று சொல்லாதீர்கள், பிரெஸ்பிட்டேரியன் கலகம் என்று சொல்லுங்கள் என்கிற பொருளில் ஊருக்கு எழுதினார். சுதந்திரப் பிரகடனத்தை 1776 ஜூலை 4 இரவு முதன்முதலில் அச்சடித்த ஜான் டன்லப், அல்ஸ்டரின் ஸ்ட்ரபேன் ஊர்க்காரர். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை; கரோலினா உள்நாட்டில் மன்னர் பக்கம் சாய்ந்தவர்களும், எந்தப் பக்கமும் வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு.

நிதானித்துப் பார்க்க வேண்டியது அடுத்து வந்த விஸ்கிக் கலகம். மேற்குப் பென்சில்வேனியாவில் ரை என்ற தானியம் நன்றாக விளையும். விற்க வேண்டுமானால் மலையைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும். ரோடு கிடையாது, குதிரை முதுகுதான். ஒரு குதிரை சுமக்கும் நூறு கிலோ தானியம் வழிச்செலவுக்கே காணாது. அதையே காய்ச்சி விஸ்கியாக்கினால் பல மடங்கு தானியத்தின் மதிப்பு அதே முதுகில் ஏறிவிடும். நோட்டும் நாணயமும் அரிதான அந்த ஊர்களில் கூலி கொடுப்பதும் கடன் தீர்ப்பதும்கூட விஸ்கியில் நடந்தது. அது அவர்களுக்குக் குடி மட்டுமல்ல, கையிருப்புப் பணம்.

1791-ல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் விஸ்கிமீது வரி போட்டார். அதையும் ரொக்கமாகக் கட்டச் சொன்னார். வரி வசூலிக்கப் போனவர்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டினார்கள். 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவிலின் மாளிகையைக் கொளுத்தினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கிட்டத்தட்ட 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, பாதிவழி வரை தானே கூடப் போனார். படை வந்து சேர்வதற்குள் கலகக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். தேசத்துரோகக் குற்றம் உறுதியான இரண்டு பேருக்கும் வாஷிங்டன் மன்னிப்புக் கொடுத்தார். வரியை 1802-ல் ஜெபர்சன் ஆட்சியில் எடுத்துவிட்டார்கள். ‘தலைநகரத்துக்காரனுக்கு நம் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது’ என்கிற, இன்றும் அமெரிக்கத் தேர்தல்களில் கேட்கிற குரலின் பழைய பதிவுகளில் ஒன்று இது.

அந்தக் குரல் வெள்ளை மாளிகைக்குப் போனது 1829-ல், ஆண்ட்ரூ ஜாக்சனோடு. அவர் பெற்றோர் 1765-ல் ஆன்ட்ரிம் பக்கத்து கேரிக்பெர்கஸிலிருந்து கப்பலேறியவர்கள். அவர் பிறப்பதற்குச் சில வாரம் முன்பே அப்பா இறந்துவிட்டார். சுதந்திரப் போரின்போது ஒரு பிரிட்டிஷ் அதிகாரி தன் பூட்ஸைத் துடைக்கச் சொல்ல, பையன் மறுக்க, வாள் வீச்சில் கையிலும் தலையிலும் தழும்பு. அம்மாவையும் இரண்டு அண்ணன்களையும் அந்தப் போர்க்காலமே கொண்டுபோனது. சாமானியனின் ஜனாதிபதி என்று கொண்டாடப்பட்ட இதே மனிதர்தான் 1830-ல் பூர்வகுடிகளை மிஸிஸிப்பிக்கு அப்பால் அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். அதன் தொடர்ச்சியாக 1838-39-ல் செரோக்கி மக்கள் விரட்டப்பட்டபோது சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஜாக்சன் அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. அவருக்குத் துணை ஜனாதிபதியாக இருந்து, அடிமைமுறையை நன்மை என்றே வாதாடியவர் ஜான் சி. கல்ஹூன். அந்த ‘சி’ என்ன தெரியுமா? கால்டுவெல். அவர் தாய்வழிக் குடும்பப் பெயர். நம் கால்டுவெலுக்கு உறவு என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு பெயர் எங்கெல்லாம் போய் இறங்கியிருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

எது அவர்கள் கொடுத்தது, எது இல்லை

செல்வாக்கு என்று பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். மரக்கட்டை வீட்டை இவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். இல்லை, அது ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனிக்காரர்கள் கொண்டுவந்தது, இவர்கள் கற்றுக்கொண்டது. மலைநாட்டு இசையில் ஃபிடிலும் கதைப்பாடல்களும் பெருமளவு பிரிட்டன், அல்ஸ்டர் வழி வந்தவைதான். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் அந்த மலைகளில் அலைந்து, இங்கிலாந்தில் மறைந்துகொண்டிருந்த பாட்டுகளைப் பாடக் கேட்டு எழுதிவைத்தார். ஆனால் ஃபிடிலுக்குப் பக்கத்தில் பேஞ்சோ என்ற தந்திக்கருவி இல்லாமல் அந்த இசை கிடையாது. பேஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. கன்ட்ரி மியூசிக் முழுக்க எங்களுடையது என்று ஸ்காட்ச்-ஐரிஷ் பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மலைநாட்டாரைக் குறிக்கும் ‘ஹில்பில்லி’ என்ற வசைச்சொல், 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் வென்ற புராட்டஸ்டண்ட் மன்னர் வில்லியமின் செல்லப்பெயரான பில்லியிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தச் சொல் அச்சில் தலைகாட்டுவதே 1900-ஐ ஒட்டித்தான். இருநூறு வருடம் எங்கே ஒளிந்திருந்தது?

நிஜமான தடம் பேச்சில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரானாலும் பலரானாலும் ‘யூ’தான். நமக்கு நீயும் நீங்களும் இருப்பதால் அந்தக் குறை சட்டென்று உறைக்கும். பிட்ஸ்பர்க் நகரத்தார் பலரைக் கூப்பிட ‘யின்ஸ்’ என்பார்கள். ‘யூ ஒன்ஸ்’ என்ற அல்ஸ்டர் வழக்கு தேய்ந்து வந்தது. விருந்தாளி வருகிறார், வீட்டை ஒழுங்குபடுத்து என்பதற்கு ‘ரெட் அப்’. கார் கழுவ வேண்டியிருக்கிறது என்பதை ‘த கார் நீட்ஸ் வாஷ்ட்’ என்பார்கள். நடுவில் வரவேண்டிய ‘டு பி’ காணாமல் போயிருக்கும். பள்ளி ஆசிரியர்கள் பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பார்கள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

படிப்பும் ஒரு தடம். படிக்காதவரைப் போதகராக ஏற்பதில்லை என்பது பிரெஸ்பிட்டேரியன் பிடிவாதம். அல்ஸ்டரிலிருந்து வந்த போதகர் வில்லியம் டெனன்ட் 1720-களில் பென்சில்வேனியாவில் ஒரு மரக்கட்டைக் கொட்டகையில் பாடம் நடத்தினார். லாக் காலேஜ், அதாவது மரக்கட்டைக் கல்லூரி என்று அதைக் கேலி செய்தார்கள். அங்கே படித்தவர்கள் பிறகு கைகொடுத்து வளர்த்த கல்லூரிதான் இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அதே பிடிவாதம் அவர்களுக்கே வினையாகவும் ஆனது. மலைக்காட்டுக்குப் போகப் படித்த போதகர்கள் போதவில்லை. பட்டம் கேட்காத பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் அப்பலாச்சியாவில் இன்று பிரெஸ்பிட்டேரியன் கோயிலைவிட பாப்டிஸ்ட் கோயில் அதிகம் கண்ணில் படும்.

கடைசியாக, அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இவர்களைப் பெரும்பாலும் வெறுமனே ஐரிஷ் என்றுதான் சொன்னார்கள். மெக்கிரெகர் போதகருக்கே அது கோபம். பிரிட்டிஷ் மகுடத்துக்காக ஐரிஷ் கத்தோலிக்கர்களோடு போராடிய எங்களையா ஐரிஷ் என்கிறீர்கள் என்று 1720-ல் ஆளுநருக்கு எழுதினார். பிறகு பல தலைமுறைக்கு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து கத்தோலிக்க ஐரிஷ் ஏழைகள் லட்சக்கணக்கில் வந்திறங்கிய பிறகுதான், நாங்கள் அந்த ஐரிஷ் அல்ல என்று காட்ட ஸ்காட்ச்-ஐரிஷ் என்ற அடைமொழி பரவலானது. 1889-ல் டென்னசியில் கூடி சங்கமே வைத்தார்கள். பிறந்த ஊரான அல்ஸ்டரில் இந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. அங்கே அல்ஸ்டர் ஸ்காட்ஸ். ஸ்காட்லாந்துக்காரரிடம் ‘ஸ்காட்ச்’ என்று சொல்லிப் பாருங்கள், அது குடிக்கிற சரக்கு என்று திருத்துவார்.

2000-ம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் பூர்வீகம் என்ன என்ற கேள்விக்கு சுமார் 43 லட்சம் அமெரிக்கர்கள் ஸ்காட்ச்-ஐரிஷ் என்று எழுதினார்கள். அதே கேள்விக்கு வேறெதுவும் எழுதாமல் ‘அமெரிக்கன்’ என்று மட்டும் எழுதியவர்கள் சுமார் 2 கோடி. அப்படி எழுதியவர்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களை வரைபடத்தில் பார்த்தால் கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா என்று பழைய வண்டிப்பாதை போன திசையிலேயே போகும்.